ஒரு மாடு, ஒரு எண், ஒரு இடம்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் அம்மா. சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், ஆடாது. தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.

என் பெயர் ஒலெபிலே. மூன்றாம் எண் கால்நடை வேலியில் இந்தக் கேட்டின் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருடம். நீங்கள் வந்திருப்பது என் மாமன் மகன் கெபோனாங் விஷயமாக. ஒன்பது நாளாக உங்கள் லாக்கப்பில் இருக்கிறான். மாட்டுக் கோமாரி பரவியதற்குத் தானே காரணம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். அனுமதிச் சீட்டு இல்லாமல் மாடு நகர்த்தினானா என்று என்னிடம் சாட்சி கேட்கிறீர்கள். நகர்த்தினான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. அவன் மாடுகளை அனுப்பியது திங்கட்கிழமை. நோய் வந்தது அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. தப்பான தேதியோடு ஒரு காகிதம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் சுபாவம் அப்படி.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலிக்கு வடக்கே இருக்கிற பச்சை இறைச்சி தெற்கே வரக் கூடாது. வேகவைத்தது வரலாம். வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். ஆட்கள் செருப்போடு மருந்துச் சாக்கை மிதித்துவிட்டு வர வேண்டும். தெற்கே இருக்கிற மாட்டைக் கடல் தாண்டி வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் தரம் கேட்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஆள் பார்க்கக் கூடாது. நான் பார்த்ததில்லை. என் அம்மா இறந்தபோது வடக்கேயிருந்து தம்பி ஒரு முழு மாட்டுத் தொடையைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, இது நம்ம அம்மா சாவுக்கு" என்றான்.

"முன்னாலயே வேகவச்சு எடுத்துட்டு வந்திருந்தா விட்டிருப்பேன், தம்பி."

"சாவு வீட்டு முற்றத்துல ஆம்பளைங்க கூடி நின்னுதான் வேகவைக்கணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அவன் கண் முன்னாலேயே எரித்தேன். அம்மாவை அடக்கம் செய்ய வந்தவர்கள் சோளக்கூழும் கீரையும் சாப்பிட்டுப் போனார்கள். தம்பி அன்றிலிருந்து பேசுவதில்லை. ஆனால் என் கேட் வழியாக இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு துண்டு பச்சைக் கறி தெற்கே போனதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதற்குத்தான் வருகிறேன்.

போன குளிர்காலத்தில் வாங்கும் நாட்டுக் குழு வந்தது. நல்ல மனிதர்கள். மருந்துச் சாக்கைச் சொல்லாமலே மிதித்தார்கள். அவர்களுடைய தரம் ரொம்பச் சுருக்கமானது. ஒரு மாடு, ஒரு எண், ஒரு இடம். காதில் எண் வில்லை, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு தொழுவம். எங்கே கேட்டாலும் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். இவ்வளவு அழகான வாக்கியத்தை நான் வேதாகமத்தில்கூடப் படித்ததில்லை.

புதன்கிழமை கெபோனாங்கின் தொழுவத்தில் கணக்கெடுத்தோம். பதிவேட்டில் நாற்பத்து மூன்று. தொழுவத்தில் நாற்பத்து மூன்று. நான்தான் ஒவ்வொரு காதாகப் பிடித்துப் படித்தேன். குழுத் தலைவி, ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு மாடும் நகரக் கூடாது, மறுபடி பார்க்க வருவோம் என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, பதினொரு வருடமாக இந்த வேலிக்கு வடக்கே இருக்கிற மாடுகளுக்குக்கூட நோய் இல்லை, காட்டெருமை நாட்டு ஓரத்தில் இருக்கிற வேலி ஒன்றே போதும், இந்த மூன்றாம் எண் வேலியையும் கேட்டையும் எடுத்துவிடலாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பாராட்டுகிறாராம்.

குழு போனதும் கெபோனாங் ஆடு அடித்தான். தகர டப்பாவில் சோள பீர் கைமாறியது. ஊரே கூடியிருந்தது.

"மச்சான்," என்றான், எல்லோர் காதிலும் விழும்படி. "இனிமே யார் செருப்பைக் கழுவுவே? மனசு கேக்கலைன்னா சொல்லு, தினம் காலையில நான் வந்து காலை நீட்டறேன்."

சிரித்தார்கள்.

"பாதிரியார்கூட வருஷத்துல ஒரு நாள்தான்யா கால் கழுவறார். இவன் இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே கழுவிட்டான். நேரா சொர்க்கம்தான். ஆனா அங்கேயும் கேட் இருக்காம், மச்சான். வாசல்ல ஆள் இருக்காராம். வேலை காலி இல்லை."

கவோலதே கிழவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். "போதும் விடுங்கடா. அவன் மூஞ்சியப் பாருங்க. பொண்டாட்டி ஓடிப்போனவன் கணக்கா நிக்கறான்."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எனக்குக் கோபம் இல்லை. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், முகம் சுளிக்கக் கூடாது. அது நம் வழக்கம், உங்களுக்கும் தெரியும். நான் முகம் சுளிக்கவில்லை. பீர் குடித்தேன். அன்று மொத்தம் பதினேழு பேர் சிரித்தார்கள், போனோ என்கிற சின்னப் பெண்ணின் அம்மாவைச் சேர்த்தால் பதினெட்டு. அவள் வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். கோபம் சுத்தமாக இல்லை.

எனக்கு இருந்தது கவலை. பதினொரு வருடம் நோய் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜனங்களுக்கு மறந்துவிடும். மருந்துத் தண்ணீரைப் பார்த்தால் சிரிப்பு வரும். கேட்டை எடுத்த மறு வருடமே எங்கிருந்தோ நோய் இறங்கும், தெற்கே இருக்கிற அத்தனை தொழுவமும் காலியாகும். அதைத் தடுக்க என்ன வழி? கன்றுக்குத் தடுப்பூசி போடுகிறோம். நோயில் ஒரு துளியை எடுத்து நோய்க்கு எதிராகவே உள்ளே விடுகிறோம். கன்று இரண்டு நாள் சோர்ந்து கிடக்கும். பிறகு ஆயுசுக்கும் பயமில்லை. ஜில்லாவுக்கு ஒரு தடுப்பூசி தேவைப்பட்டது. அதைப் போடக்கூடிய இடத்தில் நான் இருந்தேன்.

சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஒரே ஒரு தொழுவம். பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை முழுவதும் பார்த்தேன். பக்கத்துத் தொழுவங்களுக்கு மிக எட்டத்தில் இருப்பது எது? பதினான்கு கிலோமீட்டர். நாற்பத்து மூன்று மாடு. அது கெபோனாங்குடையது என்பது பதிவேட்டின் முடிவு. என் முடிவல்ல.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். மேல் வேலிக்கும் அப்பால், காட்டெருமை நாட்டில் நோய் இருப்பது வாராந்தர அறிக்கையில் வந்திருந்தது. போனேன். எப்படி எடுத்தேன் என்பதை உங்கள் டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன். அதை எழுதி வைத்தால் பொறுப்பில்லாத யாராவது படித்துவிடுவார்கள். குளிர்ப் பெட்டியில் 'கைப்பற்றிய பொருள்' என்று நானே முத்திரை வைத்தேன். மேலே உள்ள வேலியில் என் சீருடையைப் பார்த்துச் சலாம் வைத்தார்கள். இங்கே, என் கேட்டில், உதவியாளர் லெசேகோ இருந்தாள்.

"விடுப்புல போயும் வேலையா, சார்? பெட்டிய இறக்கட்டுமா, எரிச்சுடலாம்" என்றாள்.

"வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்."

சரி என்று கேட்டின் தடுப்புக் கயிற்றை இறக்கிவிட்டாள். திறந்து பார்த்திருக்க வேண்டும். அவளைப் பற்றி அந்த மாதமே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். சக்கரத்தை மருந்தில் நனைத்துக்கொண்டேன், செருப்பையும். விதி விதிதான்.

சனிக்கிழமை காலை ஊரில் ஒரு அடக்கம். மேய்ப்பவர்கள் உட்பட எல்லோரும் போய்விட்டார்கள். கெபோனாங்கின் தொழுவத்தில் நானும் மாடுகளும்தான். வெள்ளை நெற்றிக் கிழட்டு எருது ஒன்று என் கையை நக்கியது. அதற்கு என்னைத் தெரியும். அது இளங்காளையாக இருந்தபோது கயிறு பிடித்து நுகத்துக்குப் பழக்கியதே நானும் கெபோனாங்கும்தான். அதிலிருந்தே ஆரம்பித்தேன். பதினைந்து நிமிட வேலை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு அடக்கத்துக்குப் போனேன். இடித்த கறியும் கூழும் போட்டார்கள். நன்றாக இருந்தது.

ஆறாவது நாள் கெபோனாங் என்னைத் தேடி ஓடி வந்தான். கேலி இல்லை.

"மச்சான், வெள்ளை நெத்திக்கு வாயில நுரை தள்ளுது. நொண்டுது. நாலஞ்சு மாடு அப்படியே நிக்குது, மேய மாட்டேங்குது. நீ வந்து பாரேன். உன்னை விட்டா இதுல எனக்கு யாரைத் தெரியும்?"

அன்று அவன் கேட்டைத் தாண்டும்போது நான் சொல்லாமலே செருப்பை மருந்துச் சாக்கில் அழுத்தித் தேய்த்தான். இரண்டு தடவை. அதைப் பார்த்தபோது, அம்மா, தடுப்பூசி பிடித்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நானும் மாட்டு டாக்டரும் போனோம். பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்து மூன்று. தொழுவத்தில் எண்ணினேன். பதினாறு.

"மீதி இருபத்தேழு எங்கே?" என்றேன்.

"அது மாஃபிசா மாடுங்க, மச்சான்" என்றான், மழை மேலேயிருந்து விழும் என்று சொல்கிற மாதிரி. "போனோ அம்மாகிட்ட மூணு. கவோலதே பெரியவர்கிட்ட ஆறு. ஒன்பது இடத்துல இருக்கு. புருஷன் இல்லாதவ, பால் இல்லாத வீடு... கணக்கெடுக்க வர்றாங்கன்னுதான் எல்லாத்தையும் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நகத்தக் கூடாதுன்னாங்க, நகத்தலையே. திங்கள் காலையில அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

மாஃபிசா என்னவென்று எனக்குத் தெரியாதா? நான் குடித்து வளர்ந்த பாலே மாஃபிசாப் பால்தான். மாடு உள்ளவன் இல்லாதவனிடம் மாட்டை விடுவான். பாலும் ஒரு கன்றும் வைத்திருப்பவனுக்கு, மாடு கொடுத்தவனுக்கு. இந்த ஜில்லாவில் எவனுடைய மாடும் எவனுடைய தொழுவத்திலும் முழுதாக இருந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் ஒரு மாடு, ஒரு எண், ஒரு இடம் என்று இருந்தது, என் கண்ணாலும் பார்த்தேன். நான் காகிதத்தை நம்பினேன். இந்த ஜில்லாவிலேயே காகிதத்தை நம்பியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

ஒன்பது இடமும் தண்ணீர்த் துறையில் இன்னும் முப்பது இடத்தோடு கலக்கின்றன. நோய் மேலும் பரவாமல் இருக்க ஏழு வாரம் சுட்டுக் கொன்றோம். பதினெட்டாயிரத்து எழுநூறு மாடு. தடுப்பூசி போட்டுக் காப்பாற்றலாமே என்று ஊர் மன்றத்தில் கேட்டார்கள். கோமாரித் தடுப்பூசி போட்ட மாட்டை வாங்குகிறவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னவன் நான்தான். குழி வெட்டும் இயந்திரம் இரண்டு தடவை பழுதானது. கவோலதே பெரியவர் மட்டும் கொஞ்சம் சிரமம் கொடுத்தார். சுடுகிற அன்று காலை தொழுவத்துக்குள் போய் எருதுகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

"என்னையும் எண்ணிக்கோ, ஒலெபிலே" என்றார். "காதுல வில்லை இல்லையேன்னு பாக்கறியா? மாட்டி விடு."

இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். முதல் வெடிச் சத்தத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்கு எழுபத்தொன்பது வயது. லெசேகோ அதையும் நோய் இழப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தாள். நான் அடித்துத் திருத்தினேன். மனிதர்களுக்குக் கோமாரி வராது.

இறைச்சி ஆலை மூடிக் கிடக்கிறது. போனோ கறுப்புத் தேநீர் குடிக்கிறாள், குழந்தைகள் எல்லாம் பழகிக்கொள்ளும். மற்றபடி பாருங்கள், கேட்டை எடுக்கிற பேச்சே இல்லை. புதுக் கூரை வந்திருக்கிறது. இரண்டாவது மருந்துத் தொட்டி கட்டுகிறார்கள். எனக்குக் கீழே ஒரு ஆள் இருந்த இடத்தில் நாலு பேர். ஒருவரும் சிரிப்பதில்லை.

கெபோனாங் மட்டும் ஊர் மன்றத்தில் எழுந்து நின்று, மாட்டை நான்தான் ஒன்பது வீட்டுக்கும் அனுப்பினேன், எல்லாரையும் நான்தான் கொன்றேன் என்று அழுதானாம். உங்கள் ஜீப்பில் அவனாகவே ஏறினானாம். நல்லவன், அம்மா. சிரிக்க வைப்பான். நோயை அவன் கொண்டுவரவில்லை. நான்தான் கொண்டுவந்தேன், சனிக்கிழமை, பதினொன்றரை. அதை என் பெயரில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த வழக்கில் அவனை விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிவிடாதீர்கள். நான் செய்ததைக் காட்டி அவன் செய்தது மறைந்துபோகக் கூடாது. அவன் மட்டும் தரத்தை மதித்திருந்தால் நாற்பத்து மூன்று மாட்டோடு முடிந்திருக்கும். கவோலதே பெரியவர் இன்றும் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இருபத்தேழு மாடு, ஒன்பது இடம், அனுமதிச் சீட்டு ஒன்றுகூட இல்லை. நீங்களே சொல்லுங்கள், இப்படிப்பட்டவர்களை நம்பி நான் எப்படி கேட்டை எடுக்க விடுவது?