இவாலுவுக்குச் சேர வேண்டிய பனிப்பூ

ஒரு பனிப்பூ. உலாயுக் அவர்களே, இந்த மலையைவிட்டு நீங்கள் விடைபெறும் இன்று, உங்கள் பெயரில் நிற்கும் கடன் அது ஒன்றுதான். அதுவும் எங்களுக்கல்ல, உங்கள் மனைவி இவாலுவுக்கு.

ஈயமும் துத்தநாகமும் ஈன்ற இம்மலையின் இருளில் இருபத்தாறு ஆண்டுகள் விளக்கேந்தி நடந்தவரே! உறைந்த பாறையைத் துளைத்தும் உள்ளம் உறையாதவரே! வழங்கச் சலிக்காத, வாங்க மட்டும் கூசுகிற கைக்கு உரியவரே! துளைப்பான்காரர்களும் லாரிக்காரர்களும் சமையல்கட்டுக்காரர்களும் ஒன்றுகூடி உங்களை வணங்கி இம்மடலைப் படிக்கிறோம். உங்கள் முன்னால் உங்களைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். இன்று கதவருகே லாரிக்கார மாலிக்கியை நிறுத்தியிருக்கிறோம்.

நீங்கள் உதவியாளாகச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், வெடி வைத்த இடத்தில் பாறைக்குள் ஒரு பொந்து திறந்தது. கட்டம் கட்டமாக ஈயக்கல், தேன்கட்டிபோலத் துத்தநாகக்கல், பித்தளையாய் மின்னும் கந்தகக்கல், அவற்றுக்கு அடியில் பால்வெள்ளைப் பாறை. முதன்முதல் பிடித்த சீல் என்ற கடல்விலங்கில் பிடித்தவன் வாய் வைக்கக் கூடாது, முழுவதும் ஊருக்கு என்பது நம் கடற்கரை முறை. அந்த முறையை நீங்கள் கல்லுக்கும் வைத்தீர்கள். பொறுக்கிய அத்தனையையும் பங்கு போட்டீர்கள்.

"பிடிச்ச சீலைப் பங்கு வைக்கிறது சரி, கல்லையுமா? கல்லைக் கடிச்சுத் தின்னவா முடியும்?" என்று மாலிக்கி கேலி பேசினார்.

"மலையும் மிருகந்தான் மச்சான். கொடுக்கிறவன்கிட்டதான் திரும்ப வரும்," என்றீர்கள்.

வந்தது. வந்ததையெல்லாம் கொடுத்தீர்கள். இன்று இந்த விரிகுடாவில் உங்கள் கல் இல்லாத சன்னல் ஒன்றுதான் உண்டு. அது உங்கள் சன்னல்.

கலகலப்பாக இருந்தவர்தான் நீங்கள். உங்கள் தாயார் இறந்த ஆண்டில் பிறந்து அவர் பெயரைத் தாங்கிய பவுலூசி நமக்கு மேற்பார்வைக்கு வந்தபோது, அந்த மீசைக்காரனை முறைப்படி 'அம்மா' என்றே அழைத்தீர்கள். "அம்மா, அந்தத் துளையூசியைக் கொஞ்சம் எடு" என்பீர்கள். "முதல்ல மூக்கைத் தொடைடா மகனே" என்பார் பவுலூசி. தெற்கிலிருந்து வந்த பொறியாளர்கள் திகைத்துப்போய் நம்மைப் பார்ப்பார்கள். இறந்தவர் பெயர் யாரிடம் இருக்கிறதோ, ஆணோ பெண்ணோ, அவர்தான் அந்த ஆள் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? பவுலூசி வேறு ஊருக்குப் போனபின் உங்களை மகனே என்று அழைக்க இங்கே ஆளில்லை.

உங்களுக்கென்று மிஞ்சி இருந்தவர் உங்கள் மனைவி இவாலு. சமையல்கட்டில் நமக்கெல்லாம் உறைமீன் சீவித் தந்தவர். சுரங்கத்துக்குள் ஒருநாளும் வராதவர். பழைய பொந்தின் கூரையில், நம் மூச்சுக்காற்றே உறைந்து, இறகுபோல இதழ் விரித்து வளரும் பனிப்பூக்களைப் பற்றி அவரிடம் சொன்னீர்கள். "சொல்லிக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணு கொண்டாங்களேன் பாப்போம்," என்றார்.

கொண்டுபோனீர்கள். சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு. ஆனால் சுரங்கத்தைவிட்டு வெளியேறும் எவரும் உடைமாற்றும் அறை வழியாகத்தான் வர வேண்டும். அங்கே எந்நேரமும் அடுப்புச்சூடு. டப்பாவைத் திறந்தபோது தண்ணீர். இவாலு எட்டிப் பார்த்து, "தண்ணி கொண்டாரவா மலைக்குள்ள போனீங்க?" என்று சிரித்தார். சன்னலுக்கு வெளியே அதைக் கொட்டினார். கொட்டிய மாத்திரத்தில் அது தட்டையாய் உறைந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒன்று எடுத்துப்போனீர்கள். ஒவ்வொன்றும் தண்ணீராகத்தான் போய்ச் சேர்ந்தது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் இவாலுவை விமானத்தில் தெற்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்தார். நிலம் நமதல்லாத அந்த ஊரிலேயே அடக்கமானார்.

அதன்பின் நீங்கள் எங்களோடு உட்கார்ந்து உண்ணவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு பொந்தடிக்குப் போய்விடுவீர்கள். உங்கள் விளக்கு மட்டும் அந்தப் பக்கச் சுரங்கத்தின் கோடியில் தெரியும். யாராவது வந்தால் அதையும் அணைத்துவிடுவீர்கள். வேலையில் ஒரு குறையில்லை, பேச்சுதான் நின்றுபோனது. ஒரு வேலைநேரம் முழுவதும் உங்கள் குரலைக் கேட்காமல் நாங்கள் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. அருகில் வந்து உட்காரத் தெரியாமல் போனது எங்கள் குறை. அதைப் புகழுரைக்குள் மறைக்க மனமில்லை.

இப்போது வியாழக்கிழமை விமானத்தில் இடம் பிடித்துவிட்டீர்கள். ஏன் என்று மாலிக்கி கேட்டதற்கு, "அவ அங்கதானே இருக்கா. இங்க என்னை யாரு என்ன முறை சொல்லிக் கூப்பிடப் போறாங்க?" என்றீர்கள். பெயர் சொல்லியும் அழைப்பாரில்லாத, மொழி தெரியாத ஊரில், ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதை நினைத்தால் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கு என்ன பரிசு தருவது என்று கூடிப் பேசினோம். நிர்வாகம் கைக்கடிகாரம் தருகிறது. நாங்கள் கல் தரலாமென்றால், எங்களிடம் உள்ள கல்லெல்லாம் நீங்கள் தந்தவை. பங்கு வாங்கியதைத் திருப்பித் தந்தால் தந்தவரை அடித்ததற்குச் சமம். அப்போதுதான் சமையல்கட்டில் எவரோ அந்தப் பனிப்பூவின் கதையை எடுத்தார்கள். மாலிக்கி தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஆள்தான் அந்தச் சூட்டு ரூம் வழியா வரணும். தாது லாரி குளிர்லயே வந்து குளிர்லயே போகுதே! இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஏத்திட்டு வந்திருப்பேனே."

நீங்கள் கேட்கவில்லை. கொடுக்க மட்டுமே பழகிய கை, கேட்கப் பழகவில்லை. பெரியவரே, உங்கள் குணங்களில் குறை சொல்ல வேண்டுமானால் இது ஒன்றுதான்.

நேற்று பொந்தின் கூரையிலிருந்து ஒரு பனிப்பூவை, இதழ் உதிராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். மரப்பெட்டியில் வைத்துத் தாது லாரியில் ஏற்றினோம். அது இங்கே இல்லை. இந்த மண்டபத்துச் சூட்டில் நிற்காது. துளைப்பான்கார சைமோனியின் வீட்டில், வெயில் படாத வடக்குச் சன்னலுக்கு வெளியே, முழுப் பூவாக நிற்கிறது.

ஏன் சைமோனியின் வீட்டில்? அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சொல்ல உங்கள் வீட்டுக்கு இருமுறை வந்தார்கள். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. ஆகவே எல்லோர் முன்னிலும் இங்கே சொல்கிறோம்: குழந்தையின் பெயர் இவாலு.

அவர் தெற்கில் இல்லை, உலாயுக் அவர்களே. நம் ஊருக்கு வந்துவிட்டார். வாய் திறந்து பேசத் தொடங்கும் நாளில் உங்களைத் தாத்தா என்று அழைக்க மாட்டார். முறைப்படி 'என் வீட்டுக்காரரே' என்றுதான் அழைப்பார். அதைக் கேட்க நீங்கள் இங்கே இருக்க வேண்டாமா?

சன்னல் திரையை மூடியே வைத்திருக்கிறோம். அதை விலக்க வேண்டிய கை உங்களுடையது. காலில் வலுவும் கண்ணில் ஒளியும் குன்றாமல், வலைநிறைய மீனும் வாய்நிறையப் பேச்சுமாக, அந்தப் பெண் வளர்ந்து உங்களை அதட்டும் காலம்வரை நீங்கள் வாழ வேண்டும்.

இங்ஙனம்,
உங்களிடம் பங்கு வாங்கிய
சுரங்கத் தொழிலாளர் அனைவரும்

*மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் அடியில் சேர்த்தது:* அன்று மாலையே உலாயுக் திரையை விலக்கினார். குழந்தை இவாலு பூவைப் பார்த்தாள், தும்மினாள், தூங்கிப்போனாள். "பாத்துட்டா," என்றார் அவர். வியாழக்கிழமை விமானம் ஓர் இருக்கை காலியாகப் போனது. கடன் தீர்ந்தது.