தேடிப் பாக்குற நாய்

அந்த வெள்ளைக் குட்டியை விடுங்க தம்பி. அழகுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பல்லு முளைக்கிற வயசு, கிடைச்சதையெல்லாம் கடிக்கும். உங்க சின்னவன் இப்பதான் தவழுறான்னு சொன்னீங்கல்ல? ரெண்டும் தரையில கிடந்தா, யாரு யாரைக் கடிச்சாங்கன்னு பஞ்சாயத்து பண்ணவே உங்களுக்குப் பொழுது சரியாப் போயிடும். அதுக்குத்தான் பிள்ளைங்கள விட்டுட்டு மொதல்ல நீங்க மட்டும் வாங்கன்னு சொல்றது. அதுங்க வந்தா இதைத்தான் தூக்கும்.

கறுப்பனா? தங்கமானவன்தான். தெருவுல கிடந்தவன், பசி தெரிஞ்சவன். தட்டுகிட்ட கை போனா மட்டும் உறுமுவான். நாம ஒதுங்கிப்போம், குழந்தைக்கு என்ன தெரியும்?

இந்தப் பழுப்புக்காரியைப் பாருங்க. வயசு கொஞ்சம் ஆச்சு, ஒரு காது மடங்கிக் கிடக்கு, வர்றவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. இப்ப வாலை இழுக்குறேன், பாத்தீங்களா? சாப்பிடுற தட்டுல கையை விடுறேன். ஒரு முணுமுணுப்பு வந்துச்சா? இருங்க, கடைசியா ஒண்ணு இருக்கு. இதுல தேறினாத்தான் குழந்தை இருக்குற வீட்டுக்குக் கொடுப்பேன். செல்லுல ஒரு குழந்தை அழுற சத்தம் போடப் போறேன். பதறாதீங்க.

கேக்குதா? வெள்ளை குரைக்குது. கறுப்பன் கட்டிலுக்கு அடியில பூந்துட்டான். இவளப் பாருங்க. கதவுக்குப் பின்னாடி பாக்குறா. பீரோ சந்துல மோந்து பாக்குறா. இந்தா, வாசல்ல போய் நின்னுட்டு என்னையே பாக்குறா, நீயும் வந்து தேடேங்குற மாதிரி. போதும்டி, வா. நிறுத்திட்டேன்.

தேறிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?

யாரு குழந்தையா? எல்லாரும் கேப்பாங்க. என் பொண்ணுதான். தலை சீவ விடமாட்டேன்னு ஒரே அழுகை. அவங்கப்பா வந்ததும் காட்டிக் கேலி பண்ணலாம்னு செல்லுல பிடிச்சு வச்சேன். அந்த வாரமே காய்ச்சல்ல போயிட்டா. சிரிக்கிறப்ப ஒண்ணாவது பிடிச்சு வச்சிருக்கலாம், தோணல. இது ஒண்ணுதான் இருக்கு.

யாரும் வராத நாள்லயும் போடுவேன், தம்பி. அவங்கப்பா செருப்பை மாட்டிட்டு வெளிய போயிடுவாரு. இவ மட்டும் எந்திரிச்சு ரூம் ரூமாத் தேடுவா. நான் பின்னாடியே போவேன்.

இல்லைங்க, மனசெல்லாம் மாறல. கயித்தைப் பிடிங்க. உங்க வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டு ஓடுனா, அங்க நெஜமாவே ஒரு குழந்தை இருக்கும். பாவம், இங்க ஒரு தடவைகூட இவளுக்குக் கிடைக்கல.