வாயசைவுக்குப் பொருந்தும் வசனம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் காதல் கதைகள் அவ்வளவாகப் பிடிக்காது. பிழைப்புக்காக எழுதினேன். வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். திரையில் இருப்பவர் வாயை மூடும் நொடியில் நம் சொல்லும் முடிய வேண்டும். பதினான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அந்த ஜப்பானிய அனிமே தொடரில் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வருவாள். ஓர் ஆசிரியர் தினமும் அவளிடம் புத்தகம் எடுக்க வருவார். அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அவருடைய பேனாவைத் திருப்பித் தரும்போது கையில் கொடுக்காமல் மேசைமேல் வைப்பாள். சில நாள் அவர் தலையைக் கண்டதுமே அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். கண்ணுள்ள எவனுக்கும் தெரியும், அது காதல். எங்கள் ஸ்டூடியோவில் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனை தடவைதான் விளக்குவது?

சிட்டுவுக்கும் தெரியவில்லை. நூலகப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவளே அவள்தான். துறுதுறுவென்று இருப்பதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

“அவ பயப்படுறாண்ணா,” என்றாள். “மூலத்துல ‘தினமும் வராதீங்க’ன்னுதான் இருக்கு. நீங்க ‘தினமும் வந்தா நான் என்ன ஆவேன்’னு எழுதியிருக்கீங்க.”

“மூலத்துல இருக்கிறது வார்த்தை. நான் எழுதுறது மனசு. பேசும்மா.”

பேசினாள். பேசும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அண்ணா என்று கூப்பிடுவாள்; அது ஊர் வாயை அடைக்க. நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பாதியில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவாள். நான் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனக்கு ஒலிப்பதிவு போடும்படி ஒலிப்பதிவாளரிடம் கெஞ்சினாளாம். இதற்கெல்லாம் அர்த்தம் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை.

திடீரென்று அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருந்தார். பத்திரிகையை எல்லோருக்கும் கையில் கொடுத்தவள், எனக்கு மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பாவம், உள்ளுக்குள் என்ன பாடுபட்டிருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவளுக்காக நான் சொன்னேன். தொடரில் அவள் பேசிய வசனங்களிலிருந்து வெட்டி ஒட்டினேன். ‘இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். என் மனசுல வேற ஒருத்தர் இருக்கார்.’ ஒவ்வொரு சொல்லும் அவள் குரல். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்பினேன். நான்கே நாளில் கல்யாணம் நின்றது.

நன்றியை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் அவள் வேலைக்கே வராதது எரிச்சலாக இருந்தது. ஒரு வசனம் பாக்கி, ஒலிப்பதிவாளரும் இருப்பார் என்று சொல்லிச் சனிக்கிழமை மதியம் வரவழைத்தேன். உரசும் சத்தம் மைக்கில் விழும் என்பதால் வழக்கம்போலக் கைப்பையை வெளியே வைத்துவிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாக ஒலிப்பதிவாளரின் காலி நாற்காலியைப் பார்த்தாள். மைக்கில் மெதுவாகக் கேட்டாள்.

“அதை அனுப்பினது நீங்கதானேண்ணா?”

“உனக்காகத்தாம்மா.”

“என்னை விட்டுடுங்கண்ணா. உங்களைப் பார்த்தாலே உடம்பு நடுங்குது.”

நடுங்குகிறது என்றாள். கவனித்தீர்களா? மனதில் ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்கு உடம்பு நடுங்க வேண்டும்?

நிதானமாக யோசிக்கட்டும் என்று கதவை வெளியிலிருந்து தாழிட்டேன். சத்தம் வெளியே போகாத அறை, காற்றும் அப்படித்தான். ஏசியை அணைத்தேன், அதன் இரைச்சல் பதிவில் விழக்கூடாது. அவளுக்கு இழுப்பு உண்டு என்பது தெரியும். அதற்கான ஸ்பிரே அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை என் மடியில் இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நாற்பது நிமிடம். அதன் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

நான்தான் செய்தேன், மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பதிவைக் கேட்ட பிறகும் நீங்களும் அவளைத் தப்பாகவே புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை கேளுங்கள். கதவைத் திறங்கண்ணா என்றாள். மூச்சு வரலண்ணா என்றாள். என்னைப் பிடிக்கவில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.