கிழக்குக் காலில் நட்ட கிழங்கு

பந்தலுக்கு எந்தக் கொடி நல்லதுன்னு இந்தக் கூட்டத்துல இவ்வளவு நேரம் பேசினாங்க. மல்லி வைக்கலாம், சங்குப்பூ வைக்கலாம், காகிதப்பூ வைக்கலாம்... எல்லாம் சரி. என் பங்குக்கு நான் ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. கதை சின்னதுதான். ஆனா அன்னைக்குப் பதறின பதற்றம் இன்னும் எனக்கு அடங்கலை.

எங்க தெருவுல ஆவுடையம்மான்னு ஒருத்தி. அவ மகன் சங்கரபாண்டி புது வீடு கட்டி, வாசலுக்கு முன்னால இரும்புக் குழாய்ல பந்தல் போட்டான். நாலு கால் பந்தல். போட்டாச்சு. எந்தக் கொடியை ஏத்துறது?

மாமியார் ஆவுடையம்மா சொன்னா: "பந்தல்னா வயித்துக்கு ஏதாவது தரணும்யா. சிறுவள்ளிக்கிழங்கு வைப்போம். பொங்கலுக்குக் குழம்பு வைக்கலாம்."

மருமக வேணி சொன்னா: "வாசல்ல போயி கிழங்குக் கொடியா அத்தை? வர்றவங்க சிரிப்பாங்க. செங்காந்தள் வைப்போம். தீப்பிடிச்ச மாதிரி பூக்கும்."

"பூவை வெச்சுக் குழம்பு வைப்பியாட்டி?"

"அதுக்காகக் குழம்பையே வாசல்ல தொங்க விடுவீங்களா?"

சங்கரபாண்டி கும்பிட்டுட்டான். "கிழக்குக் கால் ரெண்டும் அம்மாவுக்கு. மேற்குக் கால் ரெண்டும் உனக்கு. ஆளை விடுங்க!"

ஆளை விட்டாங்க. அதோட பேச்சையும் விட்டுட்டாங்க! வைகாசியில தொடங்கின மௌனம். ஒரே அடுப்படி, ரெண்டு பேரு. மாமியார் வாசல்ல இருக்கிற மகனைப் பார்த்துக் கத்துவா: "எய்யா, உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, பால் பொங்குதுன்னு!" பொண்டாட்டி எங்க நிக்கா? பால் பக்கத்துலதான் நிக்கா!

சிரிக்கீங்க... சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

வேணி நர்சரியில மூணு செங்காந்தள் கிழங்கு வாங்கியாந்தா. கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்: "பூதான்மா அழகு. கிழங்கு கடுமையான விஷம். வேக வெச்சாலும் போகாது." மேற்குக் கால் ரெண்டுக்கும் ஒண்ணொண்ணு நட்டா. ஒண்ணு மிச்சம். மாமியாரோட கிழக்குக் கால் ஒண்ணுல கொஞ்சம் இடம் கிடந்தது. அங்க ஊனிட்டா. அத்தைகிட்டச் சொன்னாளா? எப்படிச் சொல்லுவா? பேச்சுத்தான் இல்லையே!

கொடி ரெண்டும் மேல ஏறிப் பின்னிக்கிச்சு. ஐப்பசியில பூத்துது பாருங்க... தெருவே நின்னு பார்த்துச்சு. எந்தப் பூ எந்தக் கால்லேருந்து வருதுன்னு யாரு பார்த்தா? மார்கழியில ரெண்டுமே காய்ஞ்சு சருகாப் போச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவங்க, சருகையெல்லாம் இழுத்துப் போட்டுட்டாங்க. இப்போ நாலு காலும் மொட்டை. அடியில மண்ணுதான் கிடக்கு.

பொங்கலுக்கு முதநாள் ஆவுடையம்மா தன் கால்ல தோண்டினா. ஒரு சுளகு நிறைய கிழங்கு. அவளுக்குப் பெருமைன்னா பெருமை. "என் கொடி சோறு போடுது பாரு"ன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தா. "மதினி, நாளைக்கு உனக்கு எங்க வீட்லதான் இலை"ன்னு என்னையும் கூப்பிட்டா.

பேரனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல பொங்கப்பானை. பக்கத்து அடுப்புல கிழங்குக் குழம்பு. என்ன வாசம்ங்கீங்க! எங்க பக்கத்துல, படையல் இலையில காயும் கிழங்கும் முழுசா வெச்சுச் சூரியனுக்குக் காட்டுவோம். காட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு நாக்குல வெச்சு உப்புக்கூடப் பார்க்க மாட்டோம். அதனால அதுவரைக்கும் அந்தக் குழம்பு ஒருத்தர் நாக்குலயும் படலை. இதை மனசுல வெச்சுக்கங்க.

சூடம் காட்டியாச்சு. எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். வேணியும் விழுந்தா. எழுந்திரிக்கலை...

படையல் இலையையே பார்த்துக்கிட்டுக் கிடக்கா. மஞ்சள்கொத்துக்குப் பக்கத்துல ஒரு கிழங்கு. கலப்பை மாதிரி கவுட்டை விட்ட கிழங்கு. சிறுவள்ளிக்கு ஏதுங்க கவுட்டை?

அங்க ஆவுடையம்மா அகப்பையை எடுத்துட்டா. முத அகப்பை யாருக்கு? எம் மக வயித்துப் பேரன் நாலு வயசுக்காரன், என் மடியில உக்காந்திருக்கான். அவன் இலைக்கு!

"அத்தே!"

எட்டு மாசத்துக்கு அப்புறம் வேணி மாமியார்கிட்டப் பேசின முத வார்த்தை அதுதான். ஓடி வந்தா... கொதிக்கிற சட்டியை வெறுங்கையால தள்ளினா. சட்டி உடைஞ்சு குழம்பு பூரா வாசல்ல, கோலத்து மேல. பொங்கல் அன்னைக்கு!

"ஏட்டி! கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?"

"விஷம் அத்தே! இலையில கிடக்கிறது செங்காந்தள் கிழங்கு! குழம்புலயும் விழுந்திருக்கும்! உங்க கால்ல நாந்தான் ஒண்ணு ஊனினேன்... சொல்லலை அத்தே... சொல்லாம இருந்து, அப்புறம் மறந்தே போயிட்டேன்..."

அவ உள்ளங்கை தோலு உரிஞ்சு தொங்குது. அது அவளுக்குத் தெரியலை. நான் பேரனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அழக்கூட வரலை எனக்கு.

ஆவுடையம்மா திட்டுவான்னு பார்த்தோம். அவ அகப்பையைக் கீழ வெச்சா. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா.

"ஆவணி மாசமே நான் பார்த்தேன்ட்டி. என் கால்ல ஒரு கொடியில இலை நுனி சுருண்டு சுருண்டு இருந்துச்சு. வள்ளி இலை அப்படி இருக்காதே, என்ன கொடின்னு உங்கிட்டக் கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நான் இறங்கி வந்த மாதிரி ஆயிருமேன்னு... கேக்கலை. நேத்துத் தோண்டும்போது அது ஞாபகத்துக்கே வரலை."

கேட்டீங்களா தாய்மாரே? ஒருத்தி நட்டதைச் சொல்லலை. ஒருத்தி கண்டதைக் கேக்கலை. நடுவுல என் பேரன் இலை போட்டு உக்காந்திருந்தான்!

செங்காந்தள் மேல என்ன தப்பு? அது பாட்டுக்கு முளைச்சுது, பூத்துது. எத்தனையோ வீட்டுல இன்னைக்கும் அழகாப் பூத்துக்கிட்டுத்தான் இருக்கு. அன்னைக்கு எங்களைக் கொல்லப் பார்த்தது கொடி இல்லைங்க. ஒரு சின்னச் சண்டைக்காக வாயில போட்ட பூட்டு. எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். போயி ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேச வைக்கணும்னு எனக்குத் தோணுச்சா? தோணலையே! பால் பொங்குற கதையைத் தெருத்தெருவாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அதனால பந்தலுக்கு எந்தக் கொடி வைக்கிறதுன்னு என்கிட்டக் கேட்டா, உங்களுக்குப் பிடிச்சதை வைங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா வீட்டுல இருக்கிற அத்தனை பேரையும் பந்தலடிக்குக் கூப்பிட்டு, இந்தக் கால்ல இதை வெச்சிருக்கேன், இதைத் தொடாதீங்கன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. பேசாதவங்களைத்தான் முதல்ல கூப்பிடணும்.

இங்க வந்திருக்கிறதுல, வீட்டுல யார்கூடவாவது பேச்சை விட்டவங்க இருப்பீங்க. கையைத் தூக்க வேண்டாம். இன்னைக்கு ராச்சோறு போடுறதுக்கு முன்னால... போயிப் பேசிருங்க.