விலகியதா, பிதுங்கியதா?

முதுகுக்கு ஓய்வே கொடுக்காமல் முப்பதாண்டு மூட்டை சுமந்து, இன்று இந்த மேடையில்தான் முதன்முறையாகச் சாய்ந்து அமர்ந்திருக்கும் சுமைதூக்குவோர் சங்கத் தலைவர் அண்ணன் தனசேகரன் அவர்களே! தொண்டூரிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் நெல்லோடும் மல்லாட்டைக் கடலையோடும் வந்து, பேச்சைக் கேட்க நின்றுவிட்ட பெரியோர்களே! தூற்றிய தூசு தலையில் இருக்கத் தலைநிமிர்ந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எழிலரசனின் வணக்கம்.

கோட்டை கட்ட ராஜகிரி மலை மேலே கல் ஏற்றியவனுக்கும் ஒரு முதுகு இருந்ததே, அதைப் பற்றி யாராவது கேட்டோமா? நெல் மூட்டை ஏற்றுகிறவன் முதுகைத்தான் யார் கேட்டோம்?

வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுபவன் நான். இன்று ஒரு வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரைதான் பேச்சு. யாருக்கு வண்டி என்று கேட்காதீர்கள். சொன்னால் ஓடிவிடுவான்!

நான் காலால் பிறந்தவன். தலைக்கு முன்னே கால் வந்து பிறந்தவன் மிதித்தால் முதுகுப் பிடிப்பு போகும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன். வல்லத்திலிருந்தெல்லாம் வந்து குப்புறப் படுத்தார்கள். மிதித்தேன், மிதித்தேன், பெருமையாக மிதித்தேன். என்ன தம்பி சிரிக்கிறாய்? உன் நைனாவையும் மிதித்திருக்கிறேன், வீட்டில் கேட்டுப் பார்!

போன ஆண்டு பச்சமுத்து வந்தான். என்னோடு ஒரே லாரியில் மூட்டை ஏற்றியவன். "எழிலு, ஜவ்வு விலகிடுச்சுன்றாங்கடா. மிதிச்சு உள்ள தள்ளிடு" என்றான். விலகியது! அந்த ஒரு சொல்தான் எங்களைக் கெடுத்தது. விலகியதைத் தள்ளி வைத்துவிடலாம் என்று ஏறி மிதித்தேன்.

மறுநாள் அவனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. செருப்பு கழன்றது தெரியவில்லை. உட்காரும் இடம் மரத்தது. சிறுநீர் நின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தான்.

டாக்டர் தமிழினி ஸ்கேன் படத்தைக் காட்டிக் கேட்டார்: "விலகிடுச்சுன்னு யார் சொன்னது? ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை கிழிஞ்சு, உள்ள இருக்கறது பிதுங்கி நரம்பை நசுக்குது. கொழுக்கட்டையை மிதிச்சா பூரணம் உள்ளயா போகும்?" என் கால் கூசியது ஐயா! இன்றும் கூசுகிறது, அதனால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மைக்குக்காரரே, ஒயரைக் கொஞ்சம் விடுங்கள்!

அன்றே அறுவைச் சிகிச்சை. முதுகில் சிறு கீறல். நரம்பை நசுக்கிய பிதுங்கலை மட்டும் எடுத்தார்கள். முதுகில் கத்தி பட்டால் படுக்கைதான் என்றோமே? மறுநாளே எழுந்து நின்றான்! காலுக்கு உயிர் வந்தது. ஆனால் சிறுநீர்? பச்சமுத்து, சொல்லட்டுமா? "சொல்லுடா" என்கிறான். இன்றுவரை குழாய் வைத்துத்தான் போகிறது. கத்தி கெடுக்கவில்லை. கடத்திய நாள் கெடுத்தது. என் கால் கெடுத்தது.

"முதுவு வலிச்சாலே கத்தியா, இன்னா எழிலு?" என்கிறது பின்வரிசை. இல்லை ஐயா! பெரும்பாலானோருக்கு மருந்தும் பயிற்சியும் சில வாரப் பொறுமையும் போதும். ஆனால் பாதம் துவண்டால்? உட்காரும் இடம் மரத்தால்? சிறுநீர் நின்றால்? அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது!

அதோ, ஆரன் சத்தம். வண்டி வந்துவிட்டது. கோதண்டராமா, நீதான்! நான் மேடை ஏறும் முன் என் கையைப் பிடித்து, "கூட்டம் முடிஞ்சதும் ஒரு மிதி மிதிச்சுடுண்ணே" என்றாய். உன் இடது கட்டைவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன், ஒன்றுமில்லை என்று சிரித்தாய். இப்போது ஊரே கேட்க, ஒலிபெருக்கியில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: காலையிலிருந்து ஒன்றுக்குப் போனாயா?

தலையைக் குனியாதே. சொல்!

இதோ, அவன் மனைவி ரத்தினம்மாள் எழுந்துவிட்டார். "போவ முடியலங்க! விடிஞ்சதுலருந்து தண்ணிகூட குடிக்காம குந்தினு இருக்குது!"

கேட்டீர்களா? வெட்கம் என்னடா வெட்கம்! இரண்டு பேர் தூக்குங்கள், முதுகு வளையாமல் தூக்குங்கள். மூட்டையையே தூக்கியவர்கள் நாம், ஒரு மனிதனைத் தூக்கத் தெரியாதா?

தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை வேண்டாம், அதை மடித்து அவன் தலைக்கு வையுங்கள். பச்சமுத்து, நீயும் வா, அவனுக்குத் தைரியம் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. காலால் பிறந்த இந்தக் கால் இனி எவன் முதுகிலும் ஏறாது. இப்போது அவனோடு வண்டியில் ஏறுகிறது.

கேட்டவர்களுக்கு நன்றி, வழி விடுகிறவர்களுக்கு வணக்கம். வழி விடுங்கள்!