வலது பக்கம் நிற்பவன்

—எவ்வளவு நேரம்தான் நீட்டிக்கிட்டே நிக்கிறது? வேணும்னா எடு மாப்ள. வேண்டாம்னா வாயைத் தொறந்து சொல்லு.

—என்னது மச்சான்?

—ஆரஞ்சுச் சுளை. இடைவேளைக்கு வேற என்ன குடுப்பாங்க, ஆட்டுக்கறியா? உன் வலது காதுக்கிட்ட ஒரு நிமிஷமா பிடிச்சிருக்கேன். நீ பார்த்தும் பார்க்காத மாதிரி சுவத்தை வெறிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்க.

—கவனிக்கல. குடு.

—மைதானத்துலயும் இதையேதான் சொல்ற. கோல்கீப்பர் தரையில கிடக்கான். இந்த மொங்கி வலது பக்கத்துல தன்னந்தனியா நிக்கிறேன். லேசாத் தட்டிவிட்டிருந்தா எங்க அம்மாகூட கோல் போட்டிருப்பா. நீ என்ன பண்ண?

—அடிச்சேன்.

—அடிச்ச. வேலி தாண்டிப் போய் தண்ணி விக்கிற ஹெடியோட கழுதை மேல விழுந்துச்சு. கழுதைக்குப் பாஸ் குடுக்கத் தெரியுது, எனக்குக் குடுக்கத் தெரியல.

—சரி விடு.

—எப்படி விடுறது? ஒண்ணுக்குப் பூஜ்யம்னு பின்தங்கி நிக்கிறோம். சமன் பண்ணலைன்னா கடைசிப் பிரிவுக்குப் போறோம். அங்க போன டீமுக்குச் சுரங்கக் கம்பெனி பஸ்ஸும் தராது, பூட்ஸும் தராது. கதையே முடிஞ்சுது. இந்தா, ஷெட்லி மாமா வந்துட்டாரு. மாமா, நீங்கதானே பயிற்சியாளர், நீங்களே கேளுங்க.

—கொஞ்சம் உரக்கப் பேசுப்பா. முப்பது வருஷம் பாறை துளைச்ச காது.

—இவன் எனக்குப் பந்து தர்றதில்லன்னு சொல்றேன்!

—அதைத்தான் ஊரே சொல்லுதே. இங்க பாருங்க பிள்ளைகளா, ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருபத்தி மூணு கோல் போட்டீங்க. எப்படிப் போட்டீங்க? ஒருத்தன் பந்தோட போனா இன்னொருத்தன் பந்தே இல்லாம ஓடி எதிராளியை இழுத்துட்டுப் போவான். இப்ப ரெண்டு பேருக்கும் பந்து காலடிக்கே வரணும். லஸ்ஹர் வாங்கினா தலை குனிஞ்சு நேரா கோலைப் பார்த்தே ஓடுறான். நீ வாங்கினா கோவத்துல பின்னாடி தட்டிவிடுற.

—யாரு முதல்ல ஆரம்பிச்சது மாமா?

—அது எனக்குத் தேவையில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இனிமே ஆடணும். அஞ்சு நிமிஷம் தர்றேன். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. இல்லைன்னா நான் பண்ணுவேன், அது ரெண்டு பேருக்கும் பிடிக்காது. லஸ்ஹர், அந்த நெத்தி வீக்கத்துல ஈரத்துணி வை.

—ஒண்ணுமில்ல மாமா. சின்ன அடி.

—எனக்கும் சின்னதாத்தான் காது கேக்காமப் போச்சு. டாக்டர் ஒரு வரி எழுதினாரு. மறுநாளே சுரங்கத்துக் கதவு எனக்கு மூடிருச்சு. உடம்பைப் பார்த்துக்கோ, வேற சொல்லத் தெரியல எனக்கு.

—போயிட்டாரு. சரி, சொல்லு மாப்ள. யாரு வெளிய உட்காருறது?

—நீ ஆடு. நீயே ஆடு மச்சான். ஆனா நானும் ஆடணும்.

—அதெப்படி? வேலையும் உனக்கே, பந்தும் உனக்கேவா?

—வேலையை எதுக்கு இழுக்குற?

—இழுக்கக் கூடாதுன்னுதான் நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ரயில் பாதையில கூடாரம் போட்டு, பாஸ்பேட் வண்டியை மறிச்சு, பதினோரு மாசம் வேலை கேட்டு உட்கார்ந்தோம். கடைசியில சுரங்கத்துல ஒரே ஒரு வேலை நம்ம தெருவுக்குன்னு வந்துச்சு. என் பேரு மேல இருந்துச்சு, உன் பேரு கீழ. தலீலா அப்ப மாசமா இருந்தா. தங்கச்சி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நானே போய் என் பேரை அடிச்சுட்டு வந்தேன். இன்னைக்கும் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கேன். நான் பந்து இல்லாம ஓடலைன்னு எவன் சொல்றான்?

—மறக்கல மச்சான். ஒரு நாளும் மறக்கல.

—வேலியோரத்துல பசங்க உன்னைப் 'பந்துதின்னி'ன்னு கத்துறாங்க. என் தங்கச்சி புருஷனை. நான் காதுல வாங்காத மாதிரி ஓடுறேன். ஆனா இன்னைக்குப் போதும். உனக்கு மானக்கேடு வராம வெளிய உட்காருற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் இங்க உள்ள வந்தேன்.

—என்ன ஏற்பாடு?

—அப்புறம் தெரியும். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. வெறுப்பா? நான் அந்தப் பேரை அடிச்சதை நாளைக்குச் சொல்லிக் காட்டிருவேன்னு பயமா? ஏழு மாசமா ஒரு தடவைகூட என் பக்கம் பந்து வரல. ஒரு தடவை. தப்பித்தவறியாவது வந்திருக்கணுமே.

—இந்தப் பக்கம் வந்து உட்காரு. இடது பக்கம்.

—எதுக்கு?

—வாயேன். ம்... இப்ப உன் முகம் தெரியுது. போன நோன்புப் பெருநாளுக்கு மறு வாரம் சுரங்கத்துல வெடி வெச்சோம். கண்ணாடி வேர்த்துப் போயிருந்துச்சு. கழட்டித் துடைச்சேன். மூணு மூச்சு நேரம்தான். ஒரு கல்லுச் சில்லு, நம்ம வீட்டுப் பருப்பு அளவு இருக்கும்.

—எங்க?

—வலது கண்ணு. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள இருட்டு.

—டேய்.

—நீ அங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். நீ எப்பவும் அங்கதானே நிப்ப. ஆனா எவன் நடுவுல வர்றான், எத்தனை அடி தள்ளி நிக்கிற, ஒண்ணும் தெரியாது. குருட்டாம்போக்குல தட்டிவிட்டு எதிராளி எடுத்தா, ஏன் இப்படி ஆடுறான்னு உத்துப் பார்ப்பாங்க. அதான் நேரா அடிக்கிறேன். கோல் அசையாது. அது எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியும். இன்னைக்கு அந்தத் தடியன் வலது பக்கமா வந்து நெத்தியில மோதினான் பாரு, அவன் வந்ததே எனக்குத் தெரியாது.

—ஏழு மாசமா என்கிட்ட சொல்லாம இருந்தியாடா? கஃப்ஸா டவுனுக்குப் போய் வேற டாக்டர்கிட்டயாவது காட்டினியா?

—காட்டினேன், வேற பேர் சொல்லி. ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. நம்ம டீம் டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது? சனிக்கிழமை மைதானத்துக்கு வர்ற அதே ஆளுதானே திங்கக்கிழமை சுரங்கத்துல உட்கார்ந்து தகுதிச் சீட்டு எழுதுறாரு? ஷெட்லி மாமாவுக்கு எழுதின கைதானே?

—என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாப்ள!

—உன்கிட்டதான் சொல்லவே முடியல. நீ விட்டுக்குடுத்த வேலை அது. அதை ஒரு சில்லுக்குத் தொலைச்சுட்டேன்னு உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? அதுக்கு நீ என்னைப் பந்துதின்னின்னு நினைச்சாலே பரவாயில்லன்னு இருந்துட்டேன்.

—தலீலாவுக்குத் தெரியுமா?

—நான் சொல்லல, அவளும் கேக்கல. ஆனா கொஞ்ச நாளா கூஸ்கூஸ் தட்டை என் இடது கைப்பக்கமாவே வைக்கிறா.

—அட கிறுக்குப் பயலே. இடது பக்கம்... நான் இடது பக்கம் ஆடினா?

—என்ன?

—எனக்கு இடது கால் மரக்கட்டை மாதிரிதான். இருந்தாலும் வந்துடுறேன். நீ வலது கோட்டை ஒட்டி நில்லு, உன் குருட்டுப் பக்கம் வேலியைப் பார்த்து இருக்கட்டும். மைதானம் பூரா உன் நல்ல கண்ணுக்குத் தெரியும். கூப்பிடவே வேண்டாம், நான் அதுக்குள்ள வந்துருவேன்.

—தட்டிவிடுறேன் மச்சான். சத்தியமா தட்டிவிடுறேன். ஏழு மாசத்துப் பாக்கியும் சேர்த்து வரும்.

—அழாத. உள்ள வர்ற பசங்க பார்த்தா சிரிப்பானுங்க. எழுந்திரு, மாமாகிட்ட ரெண்டு பேரும் ஆடுறோம்னு சொல்லுவோம்.

—ஆமா... என்னமோ ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொன்னியே?

—ஐயையோ.

—என்ன மச்சான்? ஏன் முகம் இப்படிப் போகுது?

—அந்தப் பின்கதவு எங்க போகுது? எழுந்திரு. சீக்கிரம், பூட்ஸ் வேண்டாம், அப்படியே போ. போடான்னா!

—பூட்டியிருக்கே. என்ன பண்ணித் தொலைச்ச?

—உன் நெத்தி வீக்கத்தைச் சாக்கா வெச்சு... நான் உனக்கு நல்லதுன்னு நினைச்சு...

—லஸ்ஹர் இருக்கானா உள்ள? வாப்பா, பயப்படாத. தலையில பலமா அடி, தடுமாறுறான், டாக்டர் உடனே வரணும்னு மொங்கி எனக்கு ஆள் அனுப்பியிருந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரு. டார்ச் அடிக்கிறேன், ரெண்டு கண்ணையும் நல்லாத் தொறந்து காட்டு.