ஆள் இல்லாத சனிக்கிழமைகளில் அழைப்பை எடுத்தவருக்கு

அழைத்தவர் யாரென்று ஆராயாமல் அழைப்பை எடுத்தவரே, அஞ்சி நடுங்கிய குரல்களுக்கு அருகில் அமர்ந்தவரே, நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில், சன்னலற்ற அவசர அழைப்பு அறையில், முப்பத்தோராண்டுகள் சலித்தபோதும் சளைக்காதவரே, அன்புக்கும் மதிப்புக்கும் உரிய வெர்லா டெக்கர்ட் அம்மையீர், இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, அதே அறையில் உங்களோடு அமர்ந்து அதே கசந்த காப்பியைக் குடித்த நாங்கள் வணக்கத்தோடு வாசித்தளிக்கும் மடல் இது.

"என் மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா கேக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சென்ற வாரம் எச்சரித்தீர்கள். ஆகவே இனி உங்களை 'அவர்' என்றே குறிப்பிடுகிறோம். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அமர்ந்திருங்கள்.

கவுண்டி எனும் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை நூற்றுப்பத்து மைல். மக்கள் ஏழாயிரம் பேர். ஷெரீஃபின் காவலர்கள், நல்ல காலத்திலும், ஆறு பேருக்கு மேல் இருந்ததில்லை. அரசுக் காட்டு மரத்தை வெட்டி விற்றதில் எங்கள் பங்காக வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோன ஆண்டில், ஷெரீஃபுக்கும் ஆம்புலன்சுக்கும் இந்த அறைக்குமாகச் சேர்த்துச் சொத்து வரியைச் சற்றே உயர்த்தலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டை வெர்லா தம் சமையலறை மேசையில் வைத்து, கறுப்பு மையால், 'வேண்டாம்' என்ற கட்டத்தை நிரப்பினார். வீட்டு வாசலில் 'வேண்டாம்' என்ற பலகையையும் நட்டார்.

கணவரை இழந்தபின் இரண்டு பெண்களைத் தனியே வளர்த்தவர் அவர். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அரசாங்கம் என்று ஒன்று எவ்வளவு குறைவாகக் கண்ணில் படுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவருடைய உறுதியான எண்ணம். தாமும் அந்த அரசாங்கத்தின் ஒரு நாற்காலிதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வரி தோற்றது. ஏழு பேர் இருந்த அறையில் நால்வர் மிஞ்சினோம். வேலை போன மூவரில் ஒருத்தி நேடீன். இம்மடலை எழுதும் கை அவளுடையது. கடைசி நாளில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"நீங்க எப்படிப் போட்டீங்க, வெர்லா?"

"வேண்டாம்னுதான்."

"என் வேலை போயிடும்னு தெரியும்தானே?"

"தெரியும். என் வேலையும் போகும்னுதான் நினைச்சேன். போகல."

மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நேடீனின் பெட்டியைத் தாமே சுமந்துபோய் வண்டியில் வைத்தார். அன்று நேடீன் அவரிடம் விடைபெறாமலே வண்டியைக் கிளப்பினாள்.

அந்த ஜூலை முதல், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை எங்கள் கவுண்டியில் காவலரும் இல்லை, ஆம்புலன்சும் இல்லை. அழைப்பை எடுக்க மட்டும் ஆள் உண்டு. அந்த ஆள் பெரும்பாலும் வெர்லா. பிள்ளை குட்டி உள்ளவர்கள் வார இறுதியில் வீட்டில் இருக்கட்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, டோரீன் ஓஸ்லர் அழைத்தாள். அவள் கணவர் வேட் ஓஸ்லர்தான் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'வேண்டாம்' பலகைகளை நட்டவர்; வெர்லா வீட்டுப் பலகையும் அவர் கொடுத்ததே.

"வெர்லா, நான் டோரீன். அடுக்கு சரிஞ்சு புல்லுக்கட்டு அவர் கால் மேல விழுந்துடுச்சு. பெரிய கட்டு. அசைக்கக்கூட முடியல."

"பேசுறாரா?"

"திட்டுறாரு. ரத்தம் நிறைய போகுது. சீக்கிரம் யாரையாவது அனுப்பு."

வெர்லாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. இருபது ஆண்டுகளாக, 'ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க' என்பதுதான் அவர் முதலில் சொல்லும் சொல். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தியதாகப் பின்னால் எங்களிடம் சொன்னார்.

"டோரீன், இன்னிக்குச் சனிக்கிழமை. இங்க அனுப்ப ஆள் இல்ல. பக்கத்துக் கவுண்டி வண்டியக் கூப்பிடறேன். எண்பது நிமிஷம் ஆகும்."

"எண்பதா," என்றாள் டோரீன்.

"அவர் பெல்ட்டைக் கழட்டு. தொடையில, காயத்துக்கு மேல, உன்னால முடிஞ்ச மட்டும் இறுக்கு. கத்துவாரு. விடாதே."

இன்னொரு இணைப்பில் வெர்லா, ஏழு மைல் தள்ளியிருந்த ஜோ எச்சானிஸை அழைத்தார். எச்சானிஸ் வீட்டில் தூக்கும் கைகள் பொருத்திய டிராக்டர் உண்டு. ஆனால் ஒரு வாய்க்கால் மதகுக்காக அவரும் ஓஸ்லரும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வரி வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தொண்டை வறளப் பேசியவரும் எச்சானிஸ்தான்.

"யாரு, ஓஸ்லரா?" என்றார் அவர். "யாரும் தேவையில்லைன்னு ரோடு பூரா பலகை நட்டானே, அவனா?"

"ஆமா, ஜோ. நானும்தான் நட்டேன். வீட்டு வாசல்லயே நிக்குது, வந்து பாரு. இப்போ அவன் கால் மேல முக்கால் டன் கிடக்கு."

எச்சானிஸ் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"டிராக்டர்ல ரோடு வழியாப் போனா அரை மணி ஆகும்," என்றார். "வயல் வழியாப் போனா இருபது. அவன் வேலியை அறுத்துத்தான் போகணும்."

"அறு."

அறுத்தார். பெல்ட் இறுகியிருக்கிறதா என்று வெர்லா இருமுறை கேட்டு உறுதி செய்த பிறகே கட்டைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் எண்பத்தாறாவது நிமிடத்தில் வந்தது. வேட் ஓஸ்லர் பிழைத்தார். வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஓஸ்லர் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். திட்டுவார் என்று எண்ணி, திட்டட்டும் என்றே வெர்லா எடுத்தார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே," என்றார் ஓஸ்லர். "ஓட்டுப் போட்டது நாமதானே. அதுக்கான பலனை நாமதான் ஏத்துக்கணும்."

திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன் என்பார் வெர்லா.

அதன்பின் அவர் செய்தது எந்த ஆணையிலும் இல்லாதது. கவுண்டி வரைபடத்தை மேசைமேல் விரித்து, கூப்பிட்டால் போகக்கூடியவர் யார், யாரிடம் டிராக்டர், யாரிடம் சங்கிலி, யார் முன்பு தாதியாக இருந்தவர் என்று தம் ஓய்வு நாள்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதினார். அறுபத்தொரு பேர் சேர்ந்தார்கள். வேலை போன கோபம் தீராதபோதும் நேடீன் தன் பெயரையும் கொடுத்தாள். இரண்டு குளிர்காலங்கள் அந்த அறுபத்தொருவரும் பனியில் புதைந்த வண்டிகளை இழுத்தார்கள், புல் தீயை அணைத்தார்கள், ஒரு குழந்தையைப் பிறக்கவும் வைத்தார்கள். இதோ பாருங்கள், அரசாங்கம் இல்லாமலே நடக்கிறதே என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வெர்லாவும் சில நாள் அப்படி நம்பினார்.

ஆனால் மனிதர்கள் களைத்துப்போவார்கள். "இந்த வாரம் முடியாது, வெர்லா, முதுகு பிடிச்சிருக்கு" என்றார் ஒருவர். "எங்களையே எத்தனை தடவைதான் கூப்பிடுவீங்க?" என்றாள் ஒருத்தி, அவள் கேட்டதிலும் தவறில்லை. மூன்றாம் ஆண்டு மே மாதத்தில், ஹோமர் கிட்ரிட்ஜ் என்ற முதியவர் நெஞ்சு வலிக்கிறதென்று அழைத்த ஞாயிற்றுக்கிழமை, வெர்லா ஒன்பது எண்களைச் சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை. கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் காலம். எல்லோரும் மந்தையோடு இருந்தார்கள். வெர்லா அந்த முதியவரோடு பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கிட்ரிட்ஜின் குரல் நின்றுபோனது. மறுமுனையில் தொலைக்காட்சியில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் வந்து அதை நிறுத்தும்வரை, ஐம்பது நிமிடம், வெர்லா இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் வரி மறுபடி வாக்குக்கு வந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். மேடைப் பேச்சென்றால் தலைதெறிக்க ஓடும் வெர்லா ஒலிவாங்கியின் முன் போய் நின்றார்.

"அரசாங்கம் எல்லாத்தையும் பார்த்துக்கணும்னு நான் இன்னிக்கும் சொல்லல. அதால முடியாது. இருபத்தஞ்சு வருஷமா உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன், அதால முடியாது. ஆனா அவங்கவங்க பாரத்தை அவங்கவங்க தூக்கட்டும்னு சொன்னப்போ, பாரம் முக்கால் டன் இருக்கும்னு நான் நினைச்சுப் பார்க்கல. பக்கத்து வீட்டுக்காரங்களும் மனுஷங்கதான், அவங்களும் ஓய்ஞ்சு போவாங்கன்னும் நினைக்கல. அவ்வளவுதான். எனக்குக் கால் வலிக்குது, உட்காரறேன்."

அடுத்து ஓஸ்லர் செயற்கைக் காலில் எழுந்து நின்று, தம் எண்ணம் மாறவில்லை, இந்த முறையும் வேண்டாம் என்றே போடுவேன் என்றார். அப்படியே போட்டார். கூட்டம் முடிந்து அவரும் எச்சானிஸும் வெர்லாவும் ஒரே மேசையில் பை எனும் பழப் பணியாரம் தின்றதைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வரி வென்றது. நேடீன் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். சனிக்கிழமைகளில் இப்போது ஒரு காவலர் உண்டு, ஓர் ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் நூற்றுப்பத்து மைல் சுருங்கவில்லை. வெர்லா அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும், "வண்டி கிளம்பிடுச்சு, நாற்பது நிமிஷமாகும், அதுவரைக்கும் நான் சொல்றதைச் செய்யுங்க" என்றே சொல்லிவந்தார். வென்ற களிப்பு அவர் முகத்தில் எவரும் கண்டதில்லை. ஒரு தவற்றைப் பாதி திருத்தியவரின் அசதியே இருந்தது. அந்த அசதியோடு மேலும் ஆறாண்டுகள் ஒரு நாள்கூடத் தாமதமின்றி வந்தார்.

அம்மையீர், இனி நேராகவே பேச அனுமதியுங்கள்.

உங்கள் இதயம் முன்போல் இல்லை என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் அறிவோம். நகரில், மருத்துவமனைக்கு எதிரே, உங்கள் மகள் பார்த்துவைத்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தார்ச்சாலை முடிந்து பதினான்கு மைலுக்கு அப்பாலுள்ள உங்கள் பழைய வீட்டிலேயே இருக்கப்போகிறீர்கள். அங்கே வந்து சேர எந்த வண்டிக்கும் ஒரு மணி நேரம் ஆகும். அதை எங்களைவிட நன்றாகக் கணக்கிட்டவர் நீங்கள்.

"அங்க தனியா உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று நேற்று நேடீன் கேட்டாள்.

"நீங்க எடுப்பீங்க" என்றீர்கள்.

எடுப்போம். எங்களை அழைக்கும் தேவையே நேராமல், உடல்நலம் குன்றாமல், மனம் இளைப்பாறி, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இங்ஙனம்,
நேடீன் முதலாக, நிலவறையில் இப்போது பணியில் இருக்கும் எழுவர்
அவசர அழைப்பு அறை, கவுண்டி நீதிமன்றக் கட்டடம், கிழக்கு ஆரிகன்